கனவுக் கருவி: நம்ம ஊர் வெயிலுக்கும் கரண்டுக்கும் தண்ணிக்கும் எது தாங்கும்?

கொக்கிரகுளம்
கடையில கிடைக்கிற சாமானை மதிப்பிடுற இழை இல்ல இது. மீன் தொட்டிக்கு யாரும் இன்னும் ஒழுங்காச் செஞ்சு தராத கருவி எது, நாமளே செஞ்சா என்னென்ன வேணும், எங்க மண்ணைக் கவ்வும், இதுதான் பேச்சு.

கணக்குக்கு எல்லாரும் ஒரே தொட்டியை எடுத்துக்கிடுவோம்: 60 செ.மீ நீளம், 30 அகலம், 36 உயரம். விளிம்பு வரை 65 லிட்டர். மணல், கல், மேல விடுற இடம் போக 55 லிட்டர்.

ஒரே ஒரு நிபந்தனை. எந்த யோசனையா இருந்தாலும், அது கெட்டுப்போற அன்னைக்கு மீனுக்கு என்ன ஆகும்னு கூடவே எழுதணும். வேலை செய்யும்போது எல்லாக் கருவியும் நல்ல கருவிதான்.

கப்பிராசா மேலப்பாளையம்
முதல் ஆசை சில்லர், அதாவது தொட்டித் தண்ணியைக் குளிர்விக்கிற கருவி. சித்திரை, வைகாசியில அறைக்குள்ளயே 34, 35 டிகிரி நிக்குது. பாதி ரேட்டுக்கு சின்ன சில்லர் ஒண்ணு வரணும். பெல்டியர் வில்லையை (கரண்டு கொடுத்தா ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகுறது) வெச்சு முடியாதா?

பாளை சோல்டரிங்
முடியும், ஆனா போட்ட காசுக்குக் குளிராது. 12706 வில்லைக்கு 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 50, 55 வாட் கொடுக்கணும். சூட்டுப் பக்கம் 50 டிகிரியும் குளிர்ப் பக்கம் 22-மா இருந்தா, தண்ணியில இருந்து அது இழுக்கிற வெப்பம் 20, 25 வாட் வந்தாலே பெரிசு. அறை 34, தண்ணி 28-னு வெச்சுக்கிட்டா இந்தத் தொட்டிக்குள்ள கண்ணாடி வழியாவும் மேல்பரப்பு வழியாவும் 30 வாட் அளவுக்கு வெப்பம் நுழையும். பம்பும் லைட்டும் போடுற சூடு தனி. ஒரு வில்லை பத்தாது. ரெண்டு போட்டா 110 வாட் எரியும், அந்தச் சூடு முழுக்க அதே அறைக்குள்ளதான் சுத்தும்.

கெட்டா என்ன ஆகும்னு கேட்டீங்கள்ல? சூட்டுப் பக்கத்து ஃபேன் நின்னு வில்லை மட்டும் ஓடினா, ரெண்டு பக்கமும் சூடேறி தொட்டிக்குள்ள ஹீட்டர் மாதிரி ஆயிரும். சில்லர்னு வாங்கி வெச்சது மீனை வேக வைக்கும். கட்டாயம் செய்யணும்னா சூட்டுப் பக்க அலுமினியத்துல 60 டிகிரியில வெட்டுற கே.எஸ்.டி.301 ஸ்விட்ச் ஒண்ணைத் தொடர்ல போடுங்க. வில்லைக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல வெப்பப் பசை தாள் கனத்துக்குப் போதும்.

சிந்துபூந்துறை
சில்லர் கனவை விட்டுட்டு ஆவியாகிற கணக்கைப் பாருங்க. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாப் போகும்போது சுமார் 2430 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். அது 675 வாட்-மணி. நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானா, 24 மணி நேரமும் 28 வாட் குளிர்ச்சி கிடைச்ச கணக்கு. சோல்டரிங் சொன்ன 30 வாட்டுக்கு இது கிட்டத்தட்ட சரியாப் போகும். செலவு, 12 வோல்ட்ல 0.2 ஆம்பியர் இழுக்கிற 120 மி.மீ கம்ப்யூட்டர் ஃபேன், அதாவது 2.4 வாட்.

கண்ணாடி மூடியை எடுத்துட்டு வலை மூடி போடணும். ஃபேனை மேல இருந்து நேரா ஊத வைக்காம, ஒரு ஓரத்துல சாய்வா வெச்சு தண்ணி மட்டத்தைத் தடவிப் போற மாதிரி விடணும். 9 வோல்ட்ல ஓட்டினா சத்தம் பாதியாயிரும். டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் பலகை போதும்: பி0-ல குளிர்ச்சி, பி1-ல ஒரு டிகிரி இடைவெளி, இலக்கு 28.

இது கெட்டாலும் நல்ல பக்கமாத்தான் சாயும். ரிலே ஒட்டிக்கிட்டு ஃபேன் ஓயாம ஓடினாலும் தண்ணி ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் காத்துல காட்டுற அளவு) கீழ போகாது. 36 டிகிரியும் 40 சதவீத ஈரமும் இருந்தா அது 25-ஐ ஒட்டி நிக்கும். ஃபேன் நின்னா, ஃபேன் இல்லாத தொட்டி, அவ்வளவுதான். ஆனி, ஆடியில குற்றாலத்துல சாரல் அடிக்கும்போது நம்ம சமவெளியில வறண்ட காத்து வீசும், அப்ப இது பிரமாதமா வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகையில காத்து முழுக்க ஈரம், ஃபேன் சும்மா சுத்தும். நல்லவேளை, அப்ப குளிர்விக்கிற தேவையும் இருக்காது.

வள்ளியூர் போர்வெல்
நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாகும்னு லேசாச் சொல்லிட்டீரே வே! அந்த ஒரு லிட்டரை எதை ஊத்தி நிரப்பச் சொல்லுதீரு? தண்ணி போகும், உப்பு போகாது. எங்க போர் தண்ணி டி.டி.எஸ் (லிட்டர்ல கரைஞ்ச உப்பு, மில்லிகிராம் கணக்கு) 600-னே வெச்சுக்கிடுவோம் (அதுவே எங்க பக்கம் நல்ல தண்ணி). மாசத்துக்கு 30 லிட்டர் ஊத்தினா 18 கிராம் உப்பு. 55 லிட்டர்ல கலந்தா 327 கூடும். மாசக் கடைசியில மீட்டர் 900-க்கு மேல காட்டும். கப்பி, மோலி தாங்கும். டெட்ரா, ஏஞ்சல்லாம் தாங்காது.

அதனால என் கனவுக் கருவி, ஆவியானதுக்கு மட்டும் உப்பில்லாத தண்ணியைத் தானா நிரப்புற சாமான். கரண்டே வேண்டாம்.

சிந்துபூந்துறை
நியாயம்தான் அண்ணாச்சி. கரண்டு இல்லாத முறை ஏற்கெனவே இருக்கு: 20 லிட்டர் கேன்ல ஆர்.ஓ தண்ணியோ மழைத் தண்ணியோ நிரப்பி, தொட்டிக்கு மேல கவிழ்த்து, வாய்ல இருந்து வர்ற குழாயோட நுனி தண்ணி மட்டத்துல நிக்கிற மாதிரி வெச்சா, மட்டம் இறங்கும்போது காத்து உள்ள ஏறி தண்ணி இறங்கும். குழாய் அரை அங்குலத்துக்குக் குறைஞ்சா காத்தும் தண்ணியும் வழி விட்டுக்காம நின்னுரும்.

இதுல யாரும் சொல்லாத கோளாறு ஒண்ணு உண்டு. கேன் பாதி காலியா இருக்கும்போது உள்ள 10 லிட்டர் காத்து. காலையில 30 டிகிரி, மத்தியானம் 40-னா காத்து விரிஞ்சு 300 மில்லிக்கு மேல தண்ணியைத் தள்ளிரும். அதனால விளிம்புக்குக் கீழ ரெண்டு விரல் இடம் விட்டே மட்டத்தை வெக்கணும், கேன் மேல வெயில் படக்கூடாது. என்ன கெட்டாலும் கேன்ல இருக்கிறதுக்கு மேல ஒரு சொட்டு கூட வராது, தரையில கொட்டினா துடைச்சுக்கலாம். இன்னொண்ணு, நிரப்புறதுக்கு வெச்சிருக்கிற வாளியைத் திறந்து போடாதீங்க. மீன் இருக்கிற தொட்டியில கொசுப்புழு தப்பாது, மீன் இல்லாத வாளியிலதான் வளரும்.

பாளை சோல்டரிங்
மின்சார வழியும் சொல்லிடுறேன். தண்ணி மட்டத்தோட மிதக்கிற ஃப்ளோட் ஸ்விட்சை நேரா பம்புக்குக் கொடுத்தா உள்ள இருக்கிற ரீட் கம்பி ஒட்டிக்கும். ஸ்விட்ச் ரிலேயை இழுக்கணும், ரிலே பம்பை இழுக்கணும். நத்தை ஏறி உக்காந்தாலே ஃப்ளோட் சிக்கும், அதனால கன்ட்ரோலர்ல நேர வரம்பு போடுங்க: ஒரு தடவைக்கு 60 விநாடிக்கு மேல பம்பு ஓடக்கூடாது, ஓடினா பூட்டிக்கிட்டு பஸ்ஸர் அடிக்கணும். ஃப்ளோட் ரெண்டு, ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு அதுக்கு 2 செ.மீ மேல காவலுக்கு. அப்பவும் கவிழ்த்த கேன்தான் என் ஓட்டு.

புதுசு பேட்டை
எல்லாரும் பெரிய பெரிய கணக்கா போடுறீங்க. கரண்டு போனா என்ன செய்றதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன். பவர் பேங்க்ல யூ.எஸ்.பி ஏர் பம்ப் மாட்டினேன்னா தானா ஓடுமா?

பாளை சோல்டரிங்
தம்பி, அது நல்ல கேள்வி. கணக்குப்படி தாராளமா ஓடணும். 10,000 மில்லியாம்ப் பவர் பேங்க்னா உள்ள 3.7 வோல்ட்ல 37 வாட்-மணி, விரயம் போக 31. ஒன்றரை வாட் பம்பு 20 மணி நேரம் ஓடலாம். ஆனா நிறையப் பவர் பேங்க், இழுக்கிற கரண்டு ரொம்பக் குறைஞ்சா போன் சார்ஜ் ஆகிருச்சுன்னு நினைச்சு தானா அணைஞ்சுரும். சில பம்பு நிமிஷத்துக்கு ஒரு தரம் இடைவெளி விட்டு ஊதும், அந்த இடைவெளியிலயே பேங்க் தூங்கிரும். அப்புறம், சார்ஜ் ஏறிக்கிட்டே வெளிய கொடுக்கிற பேங்க்லயும் மெயின் போற நேரத்துல ஒரு கணம் வெட்டு வரும். சில பம்புக்கு மறுபடி பொத்தானை அமுக்கினாத்தான் உயிர் வரும். வாங்குறதுக்கு முன்னாடி பிளக்கை உருவிப் பாருங்க.

நம்பிக்கையா வேணும்னா இப்படி:

8 கால் ரிலே, 230 வோல்ட் ஏ.சி காயில், சாக்கெட்டோட. 12 வோல்ட் 7 ஏ.எச் எஸ்.எம்.எஃப் பேட்டரி (தண்ணி ஊத்த வேண்டாத மூடின லெட் ஆசிட்). 13.6 வோல்ட் நிலையாக் கொடுக்கிற சார்ஜர். 4 வாட் டி.சி ஏர் பம்ப். பேட்டரி பிளஸ் முனையை ஒட்டியே 2 ஆம்பியர் ஃபியூஸ்.

ரிலே காயில் எப்பவும் மெயின்ல இருக்கும். பேட்டரியில இருந்து பம்புக்குப் போற வயரை என்.சி முனை (காயிலுக்குக் கரண்டு இல்லாதப்ப சேர்ந்திருக்கிறது) வழியாக் கொண்டுபோங்க. கரண்டு இருக்கிற வரை காயில் இழுத்துப் பிடிச்சு அந்த முனையைத் திறந்தே வெச்சிருக்கும். போன கணம் விட்டுரும், பம்பு ஓடும். மென்பொருள் கிடையாது, வைஃபை கிடையாது. பேட்டரியில 84 வாட்-மணி, பாதிதான் எடுக்கணும், 42. பத்து மணி நேரம். காயில் எரிஞ்சு போனாலும் பம்பு ஓடத்தான் செய்யும், நிக்காது. மெயின் இருக்கும்போதே சத்தம் கேட்டா காயில் போச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

பேட்டரியை லைட் டப்பா மேலயும் ஜன்னல் ஓரத்துலயும் வெக்காதீங்க. லெட் ஆசிட்டுக்குப் பத்து டிகிரி சூடு கூடினா ஆயுசு பாதி. ஏர் பம்ப் தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும், இல்லேன்னா தண்ணியைப் பின்னால விடாத நான்-ரிட்டர்ன் வால்வ் போடணும். நின்ன பம்பு வழியா தண்ணி பின்னால இறங்கி பேட்டரி மேலேயே ஊத்தும்.

சிந்துபூந்துறை
கேனிஸ்டர் ஃபில்டர் வெச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க. மூடின டப்பாவுக்குள்ள ஓட்டம் நின்னா பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனையும் குடிச்சுட்டு சாக ஆரம்பிக்கும். பல மணி நேரம் கழிச்சு கரண்டு வந்ததும் அந்த அழுகல் தண்ணி நேரா தொட்டிக்குள்ள வரும். ரொம்ப நேரம் நின்னு போச்சுன்னா டப்பாத் தண்ணியைக் கொட்டிட்டு ஓட்டுங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர் தொட்டிக்குள்ளயே இருக்கிறதால இந்தத் தலைவலி குறைவு. கோடையில அவகாசமும் கம்மி: 25 டிகிரி தண்ணி லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 35-ல சுமார் 7. மீனோட தேவை மட்டும் சூட்டோட ஏறும்.

கப்பிராசா மேலப்பாளையம்
தானா தீனி போடுற டப்பா? தேரோட்டம், கொடைன்னு ஒரு வாரம் ஊருக்குப் போனா என்ன செய்ய?

வள்ளியூர் போர்வெல்
ஒண்ணும் போடாதீரும். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தா சாகாது. டப்பா மொத்தத்தையும் ஒரே நாள்ல கொட்டினா சாகும்.

பாளை சோல்டரிங்
அண்ணாச்சி சொன்னது சரிதான், இருந்தாலும் குஞ்சு வளர்க்கிறவங்களுக்கு டப்பா வேணும். கடை டப்பாவோட கோளாறு ஈரம். தொட்டிக்கு மேலயே உக்காந்திருக்கிறதால ஐப்பசியில தீனி கட்டிதட்டி அடைச்சுக்கும். ஏர் பம்ப்ல இருந்து ஒரு கிளைக் குழாயைப் பிரிச்சு டப்பாவுக்குள்ள மெல்லிசா காத்து விட்டா, வெளிவாய் வழியா காத்து வெளிய போய்க்கிட்டே இருக்கும், தொட்டி ஆவி உள்ள ஏறாது. ஆசைப்படுற கருவி இதுதான்: சுத்துற உருளை இல்லாம திருகாணி வழியாத் தள்ளுறது. என்20 கியர் மோட்டார், ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு எடை போட்டு வெச்சுக்கலாம். கொட்டுற அபாயத்துக்கு மருந்து, டப்பாவுல ஒரு வாரத் தீனிக்கு மேல போடாம இருக்கிறது. அளவை டப்பாவே கட்டுப்படுத்தணும், கோடிங் இல்ல.

கொக்கிரகுளம்
அம்மோனியா பக்கம் யாரும் வரலையே. எனக்கு உலகத்துலயே ஒரு கருவி கொடுக்கிறேன்னா அதைத்தான் கேப்பேன். கண்ணாடியில ஒட்டி வெச்சுட்டா எப்பவும் எண் காட்டணும்.

சிந்துபூந்துறை
அது இன்னும் கனவுதான். விலைக்கு வர்ற கருவியில ஒண்ணு, ஒளியால படிக்கிற வில்லையை மாசாமாசம் மாத்தச் சொல்லும். அயனி மின்முனை முறையில அம்மோனியமும் பொட்டாசியமும் ஒண்ணுபோலத் தெரியும், செடிக்கு உரம் போடுற தொட்டியில அது பொய்தான் சொல்லும்.

நாமளே செய்யணும்னா நிறக் கணக்குதான் வழி. சாலிசிலேட் முறையில ரெண்டு மருந்து விட்டு அஞ்சு நிமிஷம் பச்சை ஏற விட்டு நிறத்தைப் படிக்கணும். 5 மில்லி பிடிக்கிற கண்ணாடிக் குப்பி, குழாயைப் பிசைஞ்சு அளவாத் தள்ளுற பெரிஸ்டால்டிக் பம்பு மூணு (தொட்டித் தண்ணிக்கு ஒண்ணு, மருந்துக்கு ரெண்டு), காலி பண்ண நாலாவது, வெள்ளை எல்.இ.டி, நிற சென்சார், எல்லாம் கறுப்புப் பெட்டிக்குள்ள. கோளாறு மூணு இடத்துல வரும். குப்பிச் சுவர்ல பச்சை படிஞ்சு எண் நாளுக்கு நாள் ஏறும், அதனால மருந்து விடுறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியை ஒரு தடவை படிச்சு அதைக் கழிக்கணும். மருந்துல காரம் இருக்கிறதால பம்புக் குழாய் சீக்கிரம் இளகும். மூணாவது, கழிவு தனி பாட்டிலுக்குத்தான் போகணும், தவறியும் தொட்டிக்குத் திரும்பக்கூடாது. அதுக்குக் குழாயோட நுனியைத் தண்ணி மட்டத்துக்கு மேல, தொட்டிக்கு வெளிய நிறுத்துங்க.

எண் வந்தாலும் அதைத் தனியாப் படிக்கக்கூடாது. சோதனை மொத்த அம்மோனியாவைக் காட்டும், விஷம் அதுல ஒரு பங்குதான். 30 டிகிரியில பி.எச் 7-னா 0.8 சதவீதம், 8-னா 7.5 சதவீதம். அதே 0.5 மில்லிகிராம், பி.எச் 7-ல 0.004, எட்டுல 0.037. 0.02-ஐத் தாண்டினாலே கவலைப்படணும். ஆத்துத் தண்ணி ஊத்துற தொட்டியில தப்பிக்கிற மீன் போர் தண்ணித் தொட்டியில சுருண்டு விழுறது இதனாலதான்.

பாளை சோல்டரிங்
பி.எச் முனையைத் தொட்டிக்குள்ள நிரந்தரமாப் போட்டா ஒண்ணு ரெண்டு வருஷம்தான் ஆயுசு. காய விடவே கூடாது. எடுத்து வெச்சா பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல வெக்கணும், ஆர்.ஓ தண்ணியில வெச்சா கெட்டுரும். பி.எச்சும் டி.டி.எஸ் முனையும் ஒரே பலகையில ஒரே தண்ணியில இருந்தா ஒண்ணு மத்ததைக் கலைக்கும். தனிப்படுத்தின பலகை வாங்குங்க, இல்லேன்னா டி.டி.எஸ்ஸைப் படிக்கிறப்ப மட்டும் அதுக்குக் கரண்டு கொடுங்க.

புதுசு பேட்டை
இவ்வளவும் எதுக்கு? மீன் மூச்சு முட்டினா மேல வந்து வாயைத் திறக்கும்ல. கேமரா வெச்சு அதைப் பாத்தாப் போதாதா?

சிந்துபூந்துறை
இந்த இழையிலயே நல்ல யோசனை இதுதான். ஆக்சிஜன் முனை வாங்குற காசுல பத்துக் கேமரா வாங்கலாம். இ.எஸ்.பி.32 கேமராவைப் பக்கவாட்டுல வெச்சு, மேல் 5 செ.மீ பட்டையில எத்தனை பங்கு அசைவுன்னு மட்டும் அளந்தாப் போதும், மீனை அடையாளம் காண வேண்டாம். வழக்கமான நாள்ல மணிக்கு மணி சராசரி எடுத்து வெச்சுக்கிட்டு, அதைப் போல மூணு மடங்கு பத்து நிமிஷம் விடாம இருந்தா மணி அடிக்கணும். தீனி நேரம் அரைமணி விலக்கு. பைட்டர், கௌராமி, கோரி காத்தை நேரா குடிக்கிற சாதி, கப்பி எப்பவும் மேலயே மேயும், அந்தத் தொட்டிக்கு இது உதவாது. கெண்டை வகை, டெட்ராவுக்குச் சரி. ராத்திரிதான் ஆக்சிஜன் குறையும், அதனால அகச்சிவப்பு எல்.இ.டி வேணும், கேமராவுல அகச்சிவப்பைத் தடுக்கிற கண்ணாடி இல்லாத ரகம் வேணும்.

வள்ளியூர் போர்வெல்
தண்ணி மாத்துற கருவி பத்தி யாரும் வாயத் திறக்கலியே? வாளி தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு எல்லாருக்கும்.

கொக்கிரகுளம்
அதுக்குத் தேவையான சாமான் வாழைத் தோட்டத்துக்கு விக்கிற கடையிலயே இருக்கு அண்ணாச்சி: சொட்டு நீர் டிரிப்பர். மணிக்கு 4 லிட்டர்னு போட்டிருக்கும், அது ஒரு பார் அழுத்தத்துக்கு. மாடித் தொட்டி 4 மீட்டர் உயரம்னா 0.4 பார்தான், வர்றது இரண்டரை லிட்டர். நாளுக்கு ரெண்டு மணி நேரம் திறந்தா 5 லிட்டர். புதுசும் பழசும் கலந்தே வழியும், அதனால வாரம் 35 லிட்டர் விட்டாலும் உண்மையில மாறுறது 47 சதவீதம். தண்ணி கொஞ்சம் வீண்தான், ஆனா மீனுக்கு அதிர்ச்சியே கிடையாது.

திறக்கிற வால்வுலதான் எல்லாரும் கவுந்து விழுவாங்க. வாஷிங் மெஷின் வால்வ் மாடித் தொட்டி அழுத்தத்துல ஒழுங்கா மூடாது. நேரடியா இழுக்கிற, பூஜ்ய அழுத்த வகை சாலனாய்டு கேளுங்க, கரண்டு போனா மூடுற ரகம். ஒருவேளை மூடாமலே போனாலும் டிரிப்பர் நாளுக்கு 60 லிட்டருக்கு மேல விடாது, வழியும் குழாய் ஒழுங்கா இருந்தா வீடு நனையாது. டிரிப்பருக்கு முன்னாடி 5 மைக்ரான் ஃபில்டர், குளோரினுக்கு 10 அங்குல கார்பன் பிளாக். போர் தண்ணின்னா டிரிப்பர்ல சுண்ணாம்பு அடைக்கும், அப்பப்ப எலுமிச்சை உப்புக் கரைசல்ல ஊறப் போடணும்.

டைமரை விடியக்காலம் 5 மணிக்கு வைங்க. மத்தியானம் மாடிக் குழாய்ல வர்றது வெந்நீர்.

வழியுறதுக்கு மேல தொங்குற சைஃபன் வேண்டாம், குமிழ் சேர்ந்து அறுந்தா வெள்ளம்தான். பக்கக் கண்ணாடியில ஓட்டை போட்டு முக்கால் அங்குல டேங்க் நிப்பிள் மாட்டுங்க. முதல்ல நிப்பிளை அளந்துட்டு அப்புறம் வைர பிட் வாங்குங்க. ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவுல ஓட்டையோட விட்டம் அளவாச்சும் இடம் வேணும். தண்ணி விட்டுக்கிட்டே, அழுத்தாம அறுக்கணும். டஃபன்ட் (சூடேத்திக் கெட்டிப்படுத்தின) கண்ணாடின்னா பிட்டைத் தொட்டதும் தூளாயிரும், அதுல கை வைக்காதீங்க. சல்லடையில பாசி அடைக்கும், அதனால 2 செ.மீ மேல இன்னொரு ஓட்டை.

பாளை சோல்டரிங்
இவ்வளவு மின்சாரத்தைத் தண்ணிக்குப் பக்கத்துல வெக்கிறவங்க 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி (கரண்டு கசிஞ்சா உடனே வெட்டுற ஸ்விட்ச்) இல்லாம ஒண்ணும் தொடாதீங்க. ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு முறை கீழ தொங்கி மேல ஏறணும், அப்பத்தான் சொட்டு பிளக்குக்குள்ள போகாது.

அம்பை கெண்டை
பிந்தி வாரேன். என் கனவு வேற. பருவமழைக் கருவி.

தாமிரபரணியில மட்டும் இருக்கிற ‘டாகின்சியா தம்ப்ரபர்ணியை’ங்கிற மீனுக்குத்தான் அது. 1954-ல சைலஸ் விவரிச்ச கெண்டை. ஆணுக்கு முதுகுத் துடுப்புல இழை நீண்டு வரும். இந்தச் சாதிக்கு வெறும் தொட்டி பத்தாது, ஓட்டம் வேணும், முட்டைக்கு மழை வந்த உணர்வு வேணும். (வளர்ப்புல பெருகின மீனா வாங்குங்க. முண்டந்துறைக் காட்டுக்குள்ள வலை போட்டா வழக்கு. தொட்டியில வளர்ந்ததை ஆத்துலயும் விடக்கூடாது, ஆத்துல விட்டுப் பெருகின டேங்க் கிளீனர் மீன் பண்ணுற அநியாயம் போதும்.)

கருவி செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு வாரம் ஓட்டத்தைக் குறைச்சு, தண்ணி மாத்தாம, 29 டிகிரியில வெக்கணும். அப்புறம் மூணு நாள், ராத்திரி ராத்திரி உப்புக் குறைஞ்ச குளிர்ந்த தண்ணி விட்டு, ரெண்டு மூணு டிகிரி இறக்கி, ஓட்டத்தை இரட்டிப்பாக்கணும். ஓட்டத்துக்கு ஒரு முனையில ஸ்பாஞ்ச், மணலுக்கு அடியில பி.வி.சி குழாய், மறுமுனையில பவர்ஹெட் (தண்ணிக்குள்ள ஓடுற சின்ன பம்பு). அப்பத் தண்ணி ஒரே திசையில ஆறாட்டம் ஓடும், அடியில திரும்பி வரும். ஸ்பாஞ்ச் அடைச்சா பவர்ஹெட் சூடேறும், வாரம் ஒரு தடவை தொட்டித் தண்ணியிலயே பிழியணும்.

கொக்கிரகுளம்
குளிர்ந்த தண்ணிக்கு மழைத் தண்ணியையே பிடிச்சா என்ன? 2003-ல இருந்து வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழாய் கட்டாயம், குழாய் ஏற்கெனவே மாடியில இருந்து இறங்கித்தான் நிக்குது.

அம்பை கெண்டை
அதேதான் திட்டம். முதல் கால் மணி நேரத்து மழையை வெளிய விடணும், பறவை எச்சமும் தூசியும் அதுலதான். இறங்கு குழாய்ல ஒரு டி போட்டு, அடி மூடின 4 அங்குலக் குழாயை ஒரு மீட்டர் தொங்க விட்டா முதல் 8 லிட்டர் அழுக்கு தானா அதுக்குள்ள நிக்கும். பெரிய மாடிக்கு அது பத்தாது, 20 லிட்டர் டிரம்மாப் போடுங்க.

வெறும் மழைத் தண்ணியை அப்படியே விடாதீங்க. அதுல கார்பனேட்டே இருக்காது, பி.எச் ஒரே ராத்திரியில சரியும். தொட்டியோட கே.எச் (கார்பனேட் கடினத்தன்மை) 3 டிகிரிக்குக் கீழ போகக்கூடாது. தொட்டியில கே.எச் 6 இருந்தா 55 லிட்டர்ல 25 லிட்டர் வரைக்கும் மழைத் தண்ணி தாங்கும், 3.3-க்குக் கீழ இறங்காது. மூணு ராத்திரிக்குப் பிரிச்சா ராத்திரிக்கு 8 லிட்டர். பம்பு வேண்டாம், அதே 4 லிட்டர் டிரிப்பர் போதும்: டிரம்மை ரெண்டு மீட்டர் உயரத்துல வெச்சா மணிக்கு 1.8 லிட்டர் வரும், நாலரை மணி நேரத்துல முடிஞ்சுரும். டிரம்ல 8 லிட்டர்தான் ஊத்தணும், வால்வ் மூடலேன்னாலும் அதுக்கு மேல இறங்க ஒண்ணும் இருக்காது.

வள்ளியூர் போர்வெல்
டிரம்முக்குக் கறுப்பு பெயின்ட் அடிச்சு நிழல்ல வையும். இல்லேன்னா பாசி பிடிச்சு டிரிப்பர் அடைக்கும். எங்க பக்கம் மழை பேஞ்சா நானும் செய்யுதேன்.